ரெண்டாம் நம்பர் நோட்டு

திருடனிடம் திருடுவது பாவமா?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். 'பாவம்தான்' என்று சொல்ல வாய் தயாராக இருக்கும். ஆனால் ஒரு பெரிய மனிதர் வீட்டில் கட்டுக்கட்டாகப் பணம் திருட்டுப் போய், மனிதர் புகார் கொடுக்கவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் தவிக்கிறார் என்று கேள்விப்பட்டால் உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வருமா, வராதா? எனக்கு வரும். 'நல்லா வேணும்' என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லும். சினிமாவில் கெட்டவன் வீட்டில் கொள்ளையடிக்கும் கதாநாயகனுக்கு விசில் அடித்தே வளர்ந்தவர்கள் நாம். அந்த விசிலைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் ஒரு சொந்தக் கதை.

பி.காம். முடித்த கையோடு ஒரு மொத்த வியாபாரக் கடையில் உதவிக் கணக்கராகச் சேர்ந்தேன். கடைப் பெயர் வேண்டாம். சம்பளம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அங்கே இரண்டு நோட்டுகள் இருந்தன. முதல் நோட்டு ஆடிட்டருக்கு, வரி ஆபீசுக்கு. இரண்டாவது நோட்டு பில் போடாமல் விற்ற சரக்குக்கு. அது முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும்தான். கல்லூரியில் மூன்று வருடம் படித்ததை எல்லாம் முதல் நோட்டில் எழுதினோம். வியாபாரம் இரண்டாவது நோட்டில் நடந்தது.

கணக்குப்பிள்ளை அண்ணன் அந்த இரண்டாவது நோட்டிலிருந்து தினமும் ஐம்பது, நூறு என்று எடுத்துக்கொள்வார். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது, என் எதிரிலேயே எடுப்பார். ஒருநாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இது தப்பில்லையா?"

"தம்பி, இது கணக்குலயே இல்லாத காசு. கவர்மென்ட்டை ஏமாத்தி அவரு எடுக்கிறாரு. அவரை ஏமாத்தி நான் எடுக்கிறேன். இதுல நஷ்டம் யாருக்குன்னு சொல்லு பாக்கலாம்?"

என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சில கட்டுப்பாடுகளும் இருந்தன. முதல் நோட்டுக் காசைத் தொடமாட்டார். லோடுமேன்கள் கூலியில் கை வைக்கமாட்டார். "அது பாவம் தம்பி" என்பார், முகத்தில் அவ்வளவு தீவிரம். வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் அந்தக் காசில் எங்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கித் தருவார். நானும் சாப்பிட்டேன். சால்னா பிரமாதமாக இருக்கும்.

இவரை நான் ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். நினைவுபடுத்தியவர் ஓர் அமெரிக்கர். பால்டிமோர் நகரத்துக்காரர். பெயர் டானி ஆண்ட்ரூஸ். அவர் ஐம்பது, நூறு எடுக்கவில்லை. துப்பாக்கியை நீட்டி, போதை மருந்து விற்பவர்களிடம் மட்டும் கொள்ளையடித்தார்.

'தி வயர்' என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு இவரை முன்னமே தெரியும், வேறு பெயரில். 2002 முதல் 2008 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான தொடர் அது. அதில் ஓமர் என்று ஒரு பாத்திரம். நீண்ட கோட்டு, கையில் துப்பாக்கி, முகத்தில் ஒரு பெரிய தழும்பு. அவன் தெருவில் நடந்து வந்தால் போதைப் பொருள் விற்பவர்கள் சரக்கைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். சாதாரண ஜனங்கள் மீது துப்பாக்கியைத் திருப்பியதில்லை என்பதில் அவனுக்கு ஒரு கர்வம். 2008-ல் அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்த பராக் ஒபாமா, இந்தத் தொடரில் தனக்குப் பிடித்த பாத்திரம் ஓமர்தான் என்று சொன்னார். கையோடு, அவன் செய்வதற்கெல்லாம் இது ஆதரவு அல்ல என்றும் சொல்லி வைத்தார். தேர்தல் நேரம், ஜாக்கிரதையாகத்தானே இருக்க வேண்டும்! ஆனால் அந்தப் பின்குறிப்பு நம் எல்லோருக்குமே பொருந்தும் என்று தோன்றுகிறது. பிடிக்கிறது, ஆனால் ஆதரவில்லை. விசில் அடிப்போம், கையெழுத்துப் போடமாட்டோம்.

ஓமர் ஒரே ஆளின் நகல் அல்ல. பால்டிமோரில் இப்படித் தொழில் செய்த பல பேரைக் கலந்து உருவாக்கியவன். அந்தக் கலவையில் முக்கியமான சரக்கு டானி. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் அதே ஊரில் போலீஸ் செய்திகள் எழுதிய பத்திரிகைக்காரர். அவரோடு சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ், அந்த ஊர்க் கொலை வழக்குகளைத் துப்பறிந்த போலீஸ்காரர், பிறகு பள்ளிக்கூட வாத்தியார். இருவருக்குமே டானியை நேரடியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் கதை.

டானி பிறந்தது 1954-ல். ஏழைக் கறுப்பின மக்களுக்காக அரசு கட்டிய குடியிருப்புகள் நிறைந்த மேற்கு பால்டிமோரில் வளர்ந்தார். வீட்டில் அடி, வெளியில் அதைவிட அடி. சின்னப் பையனாக இருந்தபோது 15 சென்ட்டுக்காக ஓர் ஆளை அடித்தே கொன்றதைக் கண்ணால் பார்த்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஓர் உயிரின் விலை என்ன என்பதை அவருக்கு அந்த ஊர் அந்த வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது. பிறகு ஹெராயின் பழக்கம் வந்தது. அதற்குக் காசு வேண்டும். துப்பாக்கி வந்தது.

யாரிடம் கொள்ளையடிப்பது?

ஒரு காமர்ஸ் மாணவனாக இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பார்க்கலாம். போதை வியாபாரி என்பவன் கொள்ளைக்காரனுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இலக்கு. எல்லாமே ரொக்கம். பேங்க்கில் போட முடியாது. இன்ஷூரன்ஸ் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், போலீசுக்குப் போக முடியாது. 'சார், என் ஹெராயினைக் காணோம்' என்று எந்த ஸ்டேஷனில் போய் எழுதித் தருவான்? அவனுக்கிருக்கும் ஒரே கோர்ட் அவனுடைய துப்பாக்கிதான். அதைச் சந்திக்கத் துணிந்தவனுக்கு இது லாபகரமான தொழில். டானிக்குத் துணிச்சல் இருந்தது. ஒருமுறை எதிரிகளிடமிருந்து தப்ப, அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியிலிருந்து குதித்துப் பிழைத்தவர் அவர். தொடரில் ஓமர் அதேபோல் குதிப்பான். நிஜத்தில் நடந்ததை அப்படியே காட்டினால் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று மாடிகளைக் குறைத்துக் காட்டினார்கள். சினிமாக்காரர்கள் நிஜத்தைக் குறைத்துக் காட்டிய சம்பவம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

டானிக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. பெண்களைத் தொடமாட்டார். குழந்தைகளை இதில் இழுக்கமாட்டார். கணக்குப்பிள்ளை அண்ணனின் 'அது பாவம் தம்பி' போலவேதான்.

இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை நாம் ரொம்ப மதிக்கிறோம். 'ரவுடிதான், ஆனா ஒரு நியாயம் உண்டு' என்று சொல்வதில் நமக்கு ஒரு சுகம். எந்த ஏரியாவிலும் பத்துப் பேரைக் கேளுங்கள், ஏழு பேர் அப்படி ஓர் ஆளைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. 'பெண்களைத் தொடமாட்டேன்' என்ற வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'மற்றவர்களைத் தொடுவேன்' என்று வரும். யாரைத் தொடக்கூடாது என்று சொல்வது போலத் தோன்றும் அந்த விதி, உண்மையில் யாரைத் தொடலாம் என்பதற்கான லைசென்ஸ். லைசென்ஸ் சட்டைப்பையில் இருந்தால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். கணக்குப்பிள்ளை அண்ணன் நன்றாகத் தூங்கியிருப்பார்.

சரி, லைசென்சே இருக்கட்டும். அதனால் ஊருக்கு ஏதாவது நன்மை உண்டா? போதை வியாபாரியிடம் கொள்ளையடித்தால் போதை குறைந்துவிடுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தெருவில் விற்பவன் சரக்கைப் பெரும்பாலும் கடனில் எடுத்து வருகிறான். கொள்ளை போனாலும் மேலே இருப்பவனுக்குப் பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் இன்னும் வேகமாக, இன்னும் நிறைய விற்பான். கலப்படம் செய்வான். அடுத்த முறைக்குப் பெரிய துப்பாக்கியாக வாங்கி வைப்பான். அந்தத் துப்பாக்கி வெடிக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வெடிக்காது. இந்தப் பக்கம் டானி என்ன செய்கிறார்? கொள்ளையடித்த பணத்தில் ஹெராயின் வாங்குகிறார். யாரிடம்? இன்னொரு வியாபாரியிடம்! பணம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அதே கல்லாவுக்கு வந்து சேர்கிறது. 'இதுல நஷ்டம் யாருக்கு' என்று கேட்டாரே அண்ணன், அவருக்கான பதில் பால்டிமோரில் இருந்தது. 1990 முதல் 1999 வரை ஒவ்வொரு வருடமும் அந்த ஊரில் முந்நூறுக்கு மேல் கொலைகள். ஊரின் ஜனத்தொகை ஏழு லட்சத்துக்கு முன்பின்.

அந்தப் பத்தாண்டு தொடங்குவதற்கு முன்பே டானி ஜெயிலுக்குப் போய்விட்டார். போனது கொள்ளைக்காக அல்ல.

1986 செப்டம்பர். ஹெராயின் பழக்கம் முற்றி, கையில் காசில்லாத நிலைமை. ஊரின் போதைப் பெரும்புள்ளி ஒருவர் ஒரு வேலை கொடுத்தார். போட்டித் தரப்பு ஆட்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும். டானி ஒப்புக்கொண்டார். கூடப் போனவர் ரெஜி கிராஸ் என்ற குத்துச்சண்டை வீரர். அதே வருடம் ஜூன் மாதம் நியூயார்க்கில் மைக் டைசனோடு மோதி முதல் சுற்றிலேயே வீழ்ந்தவர். கோல்ட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஒரு நிமிடம் இங்கே நிறுத்திப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கப் போதை வியாபாரிகளை வேட்டையாடியவர், கடைசியில் ஒரு போதை வியாபாரியிடம் கூலிக்கு வேலை செய்கிறார். 'அவன்களைவிட நான் மேல்' என்ற ஒரே முதலீட்டில் நடந்த கடை. முதலீடே போய்விட்டது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கதையில் என்னை உட்கார வைத்து யோசிக்கவிட்டது அதுதான். செத்தவர்கள் யார்? போட்டித் தரப்பு ஆட்கள். பெண்களா? இல்லை. குழந்தைகளா? இல்லை. டானியின் சொந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் இந்தக் கொலை அதில் குற்றம் ஆகாது! தொடக்கூடாதவர்கள் யாரையும் அவர் தொடவில்லை. விதிப்படி அன்று ராத்திரியும் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

அவரால் முடியவில்லை. செய்த கொலை மனசைக் குடைந்தது. அந்தக் குடைச்சல்தான் அவரைச் சரணடைய வைத்தது. சரணடைந்தது துப்பறியும் எட் பர்ன்ஸிடம். பிறகு உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக் கட்டிக்கொண்டு, வேலை கொடுத்த பெரும்புள்ளியிடமும் கிராஸிடமும் பேச்சுக் கொடுத்து ஆதாரம் சேகரித்துத் தந்தார். இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். டானிக்கும் 1987-ல் ஆயுள் தண்டனை.

'அப்ரூவர் ஆனவன்தானே, தண்டனை குறையும் என்று கணக்குப் போட்டிருப்பான்' என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பத்திரிகைக்காரன் புத்தி. இருக்கலாம், மனிதன் எதையும் ஒரே காரணத்துக்காகச் செய்வதில்லை. ஆனால் கிடைத்தது ஆயுள் தண்டனை. தவிர, காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டத்தோடு அமெரிக்க ஜெயிலுக்குள் போவது எப்படிப்பட்ட ஆபத்து என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? லாபம் பார்த்துச் செய்தார் என்றால், அவரைப்போல் மோசமான வியாபாரி வேறு யாரும் இல்லை.

எனக்கு இதில் புரிவது இதுதான். இத்தனை காலம் டானி எதிராளியின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் வியாபாரி, இவன் விஷம் விற்பவன், இவனிடம் எடுக்கலாம். எதிராளியின் பற்று எவ்வளவு என்று பார்த்தே தன் வரவை எழுதினார். கோல்ட் ஸ்ட்ரீட்டுக்குப் பிறகு முதல் தடவையாகத் தன் நோட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். அதில் 'ஓர் ஆள் செத்தார்' என்று மட்டும் இருந்தது. நல்ல ஆளா, கெட்ட ஆளா என்பதற்கு அங்கே காலமே இல்லை.

மனசாட்சி என்பதும் அந்த ரவுடி நியாயம் என்பதும் ஒன்றுதான் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அளவில் கொஞ்சம் கூடக் குறைய, அவ்வளவுதான் என்று. டானியின் கதையில் அவை இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று 'பரவாயில்லை, போ' என்கிறது. இன்னொன்று போகவிடவில்லை.

ஜெயிலில் அவர் ஹெராயினை விட்டார். படித்தார். கும்பல்களில் சிக்கிய மற்ற கைதிகளிடம் பேச ஆரம்பித்தார். வெளியிலிருந்து பர்ன்ஸும் சைமனும் தொடர்பு விடாமல் இருந்தார்கள். 1993 ஜனவரியில் அந்த இருவரும் ஒரு வேலை செய்தார்கள். சைமனும் பர்ன்ஸும் அப்போது பால்டிமோரின் ஒரு தெருமுனையைப் பற்றிப் புத்தகம் எழுதத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தார்கள். 1997-ல் 'தி கார்னர்' என்ற பெயரில் வந்தது. அதில் வரும் நிஜ மனிதர்களில் ஒருவர் ஃபிரான் பாய்டு. போதைக்கு அடிமை, பிள்ளைகளுக்குத் தாய். ஜெயிலில் இருந்த டானியையும் தெருமுனையில் இருந்த ஃபிரானையும் தொலைபேசியில் பேசவைத்தார்கள்.

ஜெயிலுக்குள் இருப்பவர் வெளியே இருப்பவரிடம் 'விட்டுவிடு, வெளியே வா' என்று சொல்கிறார். கேட்க வேடிக்கையாக இல்லை? ஆனால் பேசினார். அடுத்த சில வருடங்களில் ஃபிரான் போதையிலிருந்து மீண்டு வந்தார். யோசித்தால், அந்தப் பெண்ணைத் திருத்தும் தகுதி டானிக்கு மட்டும்தான் இருந்தது என்று படுகிறது. 'போதை கெடுதல்' என்று அவருக்குச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அந்த அறைக்குள் இருந்து, கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்து வெளியே வந்தவர் எத்தனை பேர்?

டானியை விடுதலை செய்யச் சொல்லி எழுதியவர்களில் அவரைப் பிடித்த போலீஸ்காரர் இருந்தார், அவரைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர் இருந்தார், அவருக்கு எதிராக வழக்கு நடத்திய அரசு வக்கீலும் இருந்தார். நம் ஊரில் ஒரு வக்கீல், தான் உள்ளே தள்ளியவரை வெளியே விடச் சொல்லி மனுப் போட்டார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கடிதம் எழுதுங்கள். உடனே கிடைத்துவிடவில்லை. 2005-ல்தான் வெளியே வந்தார். 2007 ஆகஸ்டில் டானிக்கும் ஃபிரானுக்கும் கல்யாணம். 'தி வயர்' நடிகர்களும் வந்திருந்தார்கள்.

தொடரிலும் சின்னதாக ஒரு வேடம் கொடுத்தார்கள். ஓமருக்கு உதவியாக வரும் ஆள். பாத்திரத்தின் பெயரும் டானிதான். ஓமர் மாடியிலிருந்து குதிக்கும் அந்தக் காட்சியில், குதிப்பதற்குச் சற்று முன்பு டானி சுடப்பட்டுச் சாவார். தன் வாழ்க்கையை நடிக்கும் ஒருவனுக்குப் பக்கத்தில், நிஜமான ஆள் தலையில் குண்டு வாங்கி விழுகிறார். 'கட்' சொன்னதும் எழுந்திருப்பார். கோல்ட் ஸ்ட்ரீட்டில் விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றியது.

இங்கேதான் நம் ஆட்கள் ஒரு தப்பு செய்வோம். 'ஒருத்தனைக் கொன்னான், சரி. எத்தனை பேரைக் காப்பாத்தினான்! கழிச்சுப் பார்த்தா லாபம்தானே?' என்போம். திருந்தியவர் கதை என்றாலே நமக்குக் கழித்தல் கணக்குதான்.

கணக்கியலில் ஒரு விதி உண்டு. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் கரும்பலகையில் சாக்பீஸ் உடைய உடைய எழுதுவார். சொத்தையும் கடனையும் ஒன்றுக்கொன்று கழித்து மிச்சத்தை மட்டும் காட்டக் கூடாது. ஒருவனுக்கு ஒரு கோடி சொத்து, தொண்ணூறு லட்சம் கடன் என்றால் 'நிகரம் பத்து லட்சம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக முடியாது. கடன் முழுசாக ஒரு பக்கம் நிற்க வேண்டும். சொத்து முழுசாக மறுபக்கம் நிற்க வேண்டும். ஏனென்றால் கடன் ஒரு ஆளுக்குச் சேர வேண்டியது. சொத்து வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஃபிரான் மீண்டு வந்ததால் கோல்ட் ஸ்ட்ரீட்டில் செத்தவர் வீட்டில் யாருக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை. அதேபோல், கோல்ட் ஸ்ட்ரீட் நடந்ததால் ஃபிரான் மீண்டது பொய்யாகவும் ஆகவில்லை. இரண்டு வரியும் அதனதன் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன. டானிக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். வெளியே வந்த பிறகு, பையன்கள் கும்பல்களில் சேராமல் தடுக்கும் வேலையில் இறங்கினார். அந்த அமைப்புக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள். 'புதுவாழ்வு', 'மறுமலர்ச்சி' என்றெல்லாம் வைக்கவில்லை. 'ஒய் மர்டர்?' என்று வைத்தார். கொலை ஏன்? மறக்க நினைப்பவர் தன் லெட்டர்ஹெட்டில் அந்த வார்த்தையை அச்சடிப்பாரா?

சுபம் போட்டு முடிக்கிற கதையும் இல்லை இது. ஃபிரானின் மகன், 'தி கார்னர்' புத்தகத்தில் பதினைந்து வயதுப் பையனாக வருபவர், 2012 ஆகஸ்டில் போதையால் இறந்துபோனார். வயது முப்பத்தைந்து. ஊர்ப் பையன்களிடம் பேசிக்கொண்டிருந்த மனிதரின் சொந்த வீட்டுக்குள்ளேயே அது வந்துவிட்டது. நான்கே மாதம் கழித்து, அதே வருடம் டிசம்பரில், தன் அமைப்பின் வேலையாக நியூயார்க் போயிருந்த டானி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து காலமானார். வயது 58. ஃபிரான் 2022-ல் போனார். ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸும் 2021-ல் போதை மருந்தால்தான் இறந்தார்.

நம் கணக்குப்பிள்ளை அண்ணனை விட்டுவிட்டேனே.

நான் அந்தக் கடையை விட்டு வந்த மறுவருடம் அவர் மாட்டிக்கொண்டார். இரண்டாம் நம்பர் நோட்டில் அல்ல. லோடுமேன்கள் வாராவாரம் அவரிடம் கொடுத்து வைத்த தீபாவளிச் சீட்டுப் பணத்தில். வீட்டில் ஏதோ ஆஸ்பத்திரிச் செலவு. முதலில் வழக்கம்போல் ரெண்டாம் நம்பரில் எடுத்திருக்கிறார். பற்றவில்லை. 'அது பாவம் தம்பி' என்று அவர் சொன்ன அதே பணத்தில் கை போயிருக்கிறது. முதலாளி போலீசுக்குப் போகவில்லை, போனால் அந்த நோட்டும் அல்லவா வெளியே வரும்! வேலையை விட்டு அனுப்பிவிட்டார். லோடுமேன்கள் பணத்தை அண்ணன் இரண்டு வருடம் தவணையில் கட்டி முடித்தார் என்று கேள்வி.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குத்தான் முதலில் அடையாளம் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. "தம்பி, பத்திரிகையில எழுதுறியாமே" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் இந்த வாரம் எழுதிக்கொண்டிருந்த கதையைச் சொன்னேன். போதை வியாபாரிகளைக் கொள்ளையடித்தவர், அவருக்கு இருந்த நியாயம், கொலை, ஜெயில், கல்யாணம், டி.வி. எல்லாம். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். சீட்டுப் பணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவரும்தான்.

ரசம் வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த செத்துப்போன ஆளுக்கு வீடு, பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் இருந்துச்சா தம்பி?"

டானியைப் பற்றிப் பத்து நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். இதைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.